ஆயா சொன்ன ஆமைக் கதை

புதுச்சேரிக்குப் போய் வந்தேன் என்று சொன்னால் போதும், நண்பர்கள் உடனே, “ஆசிரமம் பார்த்தீரா? கடற்கரையில் காந்தி சிலை பார்த்தீரா?” என்று விசாரிக்கிறார்கள். இரண்டொருவர் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு வேறு விஷயமும் விசாரிக்கிறார்கள். நேயர்களே, அந்த விஷயத்தில் நான் நிரபராதி! நான் போனது ஒரு பாட்டியிடம் கதை கேட்க.

காரணம் என் மகள். ஆறு வயது. ஒருநாள் இரவு விளக்கை அணைத்ததும், “அப்பா, கதை சொல்லு” என்றாள். வடை சுட்ட பாட்டியைச் சொன்னேன். காக்காய் வந்தது, நரி வந்தது, வடை விழுந்தது, கதையும் முடிந்தது. “வேற?” என்றாள். வேறு ஒன்றும் வரவில்லை! கல்லூரிப் படிப்புப் படித்தவன்; வாரா வாரம் அச்சுக்குப் போகும் கதைகளில் சந்திப்பிழை திருத்துகிறவன். என் பாட்டியிடம் நூறு கதையாவது கேட்டிருப்பேன். அத்தனையும் எங்கே போயிற்று? பாட்டியோடு போயிற்று. “கைப்பேசியில் போட்டுக் காட்டேன்” என்று சமையலறையிலிருந்து யோசனை வந்தது. அன்றைக்கு அப்படித்தான் ஒப்பேற்றினேன். ஆனால் மனசு ஆறவில்லை.

மறுவாரம் இதை ஒரு புதுச்சேரி நண்பரிடம் சொல்லிப் புலம்பினேன். “எங்கள் தெருவில் ஓர் ஆயா இருக்கிறார்கள். தினம் ராத்திரி டெலிபோனில் பாரிஸுக்குக் கதை சொல்கிறார்கள். வந்து பாரும்” என்றார். பாட்டியை ‘ஆயா’ என்பதுதான் அந்த ஊர் வழக்கம். பாரிஸுக்குக் கதை என்றதும் பஸ் ஏறிவிட்டேன்.

போன இடத்தில் பகல் பொழுது முழுவதும் கையில் இருந்தது. குழந்தைகளுக்காக எழுதியவர்களின் தடத்தைத் தேடிக்கொண்டு நடந்தேன். ஈசுவரன் தருமராஜா கோயில் வீதியில் பாரதியார் இருந்த வீடு. பெருமாள் கோயில் வீதியில் பாரதிதாசன் வீடு. இரண்டும் இப்போது நினைவு இல்லங்கள். 1908 முதல் 1918 வரை பாரதியார் இந்த ஊரில்தான் அடைக்கலம் புகுந்திருந்தார். அவருடைய பாப்பா பாட்டு 1915-இல் வெளிவந்தது. வீட்டிலே சின்னஞ்சிறு சகுந்தலா. பக்கத்தில் மண்டயம் சீனிவாசாச்சாரியார் வீட்டுச் சிறுமி யதுகிரி. குழந்தைகளுக்கு எழுத வேண்டுமென்றால் குழந்தைகள் காலைச் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும் போலும்! அந்த யதுகிரியே பிற்காலத்தில் தம் பாரதி நினைவுகளை எழுதினார். பாரதிதாசனோ தொழிலே வாத்தியார். பிரஞ்சு சர்க்கார் பள்ளிக்கூடங்களில் தமிழ் சொல்லிக்கொடுத்து 1946-இல் ஓய்வு பெற்றவர். ‘இளைஞர் இலக்கியம்’ என்று குழந்தைகளுக்கென்றே ஒரு புத்தகம் எழுதினார்.

ரங்கப்பிள்ளை வீதியில் ரோமன் ரோலண்டு நூலகத்தையும் எட்டிப் பார்த்தேன். 1827-இல் தோன்றியது. அதற்கு முந்தின வருஷம் தோன்றியது அங்கே உள்ள பிரஞ்சு லிஸே பள்ளிக்கூடம். இந்த 1826-ஐக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இரவு எட்டரை மணிக்கு ஆயா வீட்டில் ஆஜரானேன். திண்ணை வைத்த பழைய வீடு. எண்பதைத் தொடும் வயது. காது நன்றாகக் கேட்கிறது. சொளகில் மல்லாட்டையைக் கொட்டி உரித்துக்கொண்டிருந்தார்கள். மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. கூடத்துச் சுவரில் பிரஞ்சு ராணுவ உடுப்பில் ஒரு போட்டோ.

“உங்க வீட்டுக்காரரா, அம்மா?”

“ஆமாந் தம்பி. சொல்தா.”

பிரஞ்சுப் பட்டாளத்தில் சேவித்தவருக்குப் புதுச்சேரியில் ‘சொல்தா’ என்று பெயர். 1962-இல் ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது பிரஞ்சுப் பிரஜையாகவே இருக்க விரும்பியவர்களுக்கு அதற்கு வசதி இருந்தது. அப்படி இருந்துவிட்ட குடும்பம் இது. மகன் அங்கேயே உத்தியோகம், அங்கேயே கல்யாணம். பேரனுக்கு ஒன்பது வயது. அவனுக்குத் தெரிந்த தமிழ் எல்லாம் ஆயாவின் கதைகளில் வரும் தமிழ்தான்.

“அதனால பாருங்க, அவனுக்கு ராஜா, மந்திரி, பூதம், சுரைக்காய், எல்லாம் தெரியும். ‘பஸ் டிக்கட் வாங்கு’ன்னு தமிழ்ல சொல்லத் தெரியாது!”

“பதிவு பண்ணி அனுப்பிவிட்டால் அவன் வேண்டும்போது கேட்பானே?” என்றேன். ஆயா என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

“பதிவு பண்ணினா ‘உம்’ கொட்டறது யாரு? அவன் ‘உம்’ சொல்ற தினுசிலதான் எனக்கு அடுத்த வார்த்தை வரும். தூக்கம் வந்த ‘உம்’ வேற, பயந்த ‘உம்’ வேற. பயந்தாப் பூதத்தைக் கொஞ்சம் சின்னதாக்கிடுவேன்.”

வாரப் பத்திரிகை ஆசிரியர்கள் கூட இவ்வளவு தெளிவாகத் தொடர்கதையின் சூட்சுமத்தைச் சொல்லி நான் கேட்டதில்லை.

பிறகு ஒரு சங்கதி சொன்னார்கள். கல்யாணமான புதிதில் கணவரோடு மடகாஸ்கர் தீவில் இரண்டு வருஷம் இருந்தார்களாம். அந்தத் தீவு 1960-இலேயே சுதந்திரம் பெற்றுவிட்டாலும், அதன் வடகோடியிலுள்ள தியேகோ சுவாரெஸ் துறைமுகத்தில் பிரஞ்சுப் படை 1973 வரை இருந்தது. அண்டை வீட்டுக்காரி அந்த ஊர்க்காரி. இருட்டின பிறகு பிள்ளைகளை உட்காரவைத்துக் கதை சொல்லுவாளாம்.

“பாஷை புரியாது. ஆனா ஆரம்பிக்கிறப்ப ஒண்ணு சொல்லுவா. அர்த்தம் கேட்டு வச்சிக்கிட்டேன். ‘பொய் சொல்றது நான் இல்லே, முன்னே இருந்த பெரியவங்க’ன்னு அர்த்தமாம். எவ்வளவு சாமர்த்தியம் பாருங்க! நம்ம ‘ஒரே ஒரு ஊர்ல’ங்கறதுல அந்தச் சாமர்த்தியம் இல்லே.”

மலகாசி மொழியில் கதைக்கு ‘அங்கானோ’ என்று பெயர். ஆப்பிரிக்காவை ஒட்டிய தீவாக இருந்தாலும் அந்த மொழியின் சுற்றமெல்லாம் போர்னியோ பக்கம். கடல் கடந்து வந்து குடியேறியவர்களின் பாஷை. அந்தக் கதைகளை லார்ஸ் டாலே என்ற நார்வே நாட்டுப் பாதிரியார் திரட்டி 1877-இல் தலைநகரிலேயே அச்சிட்டார். அதற்குப் பின் பிரஞ்சுக்காரர் ஆட்சி வந்தது. பகலில் பள்ளிக்கூடத்தில் பிரஞ்சு, இருட்டினால் வீட்டில் அங்கானோ. புதுச்சேரிப் பிள்ளைகள் பலருக்கும் அதே கதைதானே!

மணி ஒன்பதரை. அங்கே சாயங்காலம் ஆறு. போன் அடித்தது. ஆயா கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அன்றைக்கு ஆமைக் கதை. ஒரு ஏரியிலே ஒரு ஆமை, அதற்கு இரண்டு கொக்கு சிநேகம். தண்ணீர் வற்றிவிட்டது. ஒரு குச்சியின் இரண்டு முனையையும் கொக்குகள் கவ்விக்கொள்ள, நடுவிலே ஆமை வாயால் பிடித்துத் தொங்கிக்கொண்டு பறக்கிறது. வாயைத் திறக்கக்கூடாது என்பது நிபந்தனை. பஞ்சதந்திரத்தில் அவை அன்னங்கள். ஆயாவின் கதையில் கொக்குகள். பறக்கிற வழியோ வில்லியனூர், அரும்பார்த்தபுரம்! கீழே சந்தைக்கு வந்த ஜனங்கள் கைகொட்டிச் சிரிக்க, ஆமை ரோஷத்தோடு வாயைத் திறக்க...

“ஆயா! இது எங்க ஸ்கூல் கதை! லா ஃபோன்தேன்! ஆனா அது கொக்கு இல்லே, வாத்து!”

பையனின் குரல் எனக்கே கேட்டது. ஆயாவின் முகம் சுண்டிவிட்டது. “அவங்க எங்கிட்டேருந்து எடுத்திருப்பாங்க” என்று சொல்லிச் சமாளித்தார்கள்.

நேயர்களே, ஆயா சமாளிப்பதற்காகச் சொன்னது அப்பட்டமான உண்மை! நம் பஞ்சதந்திரத்தை 6-ஆம் நூற்றாண்டில் பாரசீக மன்னனின் வைத்தியர் பர்ஸோய் தம் நாட்டுப் பாஷைக்குக் கொண்டுபோனார். 8-ஆம் நூற்றாண்டில் அது அரபிக்குப் போயிற்று. அதன் வம்சத்தில் வந்த பாரசீக நூல் ஒன்று 1644-இல் பிரஞ்சில் வெளிவந்தது. லா ஃபோன்தேன் தம் கதைப் பாடல்களின் இரண்டாம் தொகுதியை 1678-இல் வெளியிட்டபோது, இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பில்பாய் என்னும் இந்திய ஞானிக்குக் கடன்பட்டிருக்கிறேன் என்று முகவுரையிலேயே ஒப்புக்கொண்டார். வாங்கின கடனை ஒப்புக்கொள்ளும் எழுத்தாளர்கள் அபூர்வம். அதற்காகவே அவரைக் கும்பிடலாம்! ஆக, இங்கிருந்து கிளம்பிய ஆமை ஆயிரம் வருஷம் பறந்து பாரிஸில் இறங்கி, பிரஞ்சுப் பாடப் புத்தகத்தில் ஏறிக்கொண்டு புதுச்சேரிப் பள்ளிக்கூடத்துக்கே திரும்பி வந்திருக்கிறது. நம் காக்காய் நரிக் கதையில் வடை. லா ஃபோன்தேன் காக்காயின் வாயில் பாலாடைக்கட்டி. அந்தக் கதை மட்டும் ஈசாப்பின் சொத்து.

இப்போது 1826-க்கு வருவோம். அந்த வருஷம் பாரிஸில் ஒரு புத்தகம் வந்தது. புதுச்சேரியில் வந்து இறங்கி முப்பது வருஷத்துக்கு மேல் தென்னாட்டில் இருந்த துபுவா பாதிரியார், பஞ்சதந்திரத்தைப் பிரஞ்சில் மொழிபெயர்த்திருந்தார். கூடவே இன்னொன்று: வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதை! மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்ற ஐந்து சீடர்களும், ஆறு தூங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையை நனைத்துப் பார்த்த அந்த வீரமும் அப்படியே பாரிஸுக்குப் போயின. தமிழ் மூலத்தை 1822-இலேயே பாபிங்டன் என்பவர் லண்டனில் அச்சேற்றியிருந்தார். முனிவர் அதைச் சொந்தமாகக் கற்பனை செய்தாரா, ஜனங்கள் சொல்லக் கேட்டுக் கோத்தாரா என்று இன்றைக்கும் விவாதம் உண்டு. என் அபிப்பிராயத்தைக் கேட்டால், கேட்டுக் கோத்ததுதான். அவ்வளவு நல்ல முட்டாள்தனத்தைத் தனி ஆளாக யாராலும் கற்பனை செய்ய முடியாது!

அச்சேறிய கதை பிழைத்துக்கொள்கிறது. ஆயாவின் வாயில் இருப்பது? இந்தக் கவலையையே பிழைப்பாக எடுத்துக்கொண்ட ஒருவர் இந்த ஊரில் முப்பது வருஷத்துக்கு மேல் வாழ்ந்தார். கோவில்பட்டிப் பக்கம் இடைசெவல் கிராமத்து விவசாயி கி. ராஜநாராயணன். பள்ளிக்கூடத்தில் அதிகம் படிக்காதவர். மழைக்குப் பள்ளிக்கூடம் ஒதுங்கியபோதும் பாடத்தைப் பார்க்காமல் மழையையே பார்த்ததாகத் தம்மைத் தாமே கேலி செய்துகொள்வார். அந்த மனிதரைப் புதுவைப் பல்கலைக்கழகம் நாட்டுப்புற இயலுக்குப் பேராசிரியராக அழைத்தது! அப்போது அவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. கதைகளை ஊர் ஊராகத் திரட்டினார். மாணவர்களையும் வாசகர்களையும் திரட்டச் சொன்னார். சொன்னவர் வாயில் வந்தபடியே எழுத வேண்டும், இலக்கணச் சட்டை மாட்டக்கூடாது என்பது அவருடைய கட்சி. ‘நாட்டுப்புறக் கதைக் களஞ்சியம்’, ‘தாத்தா சொன்ன கதைகள்’, புதுவை வட்டாரக் கதைகள் என்று புத்தகங்கள் வந்தன. 1991-இல் அவருடைய ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலுக்குச் சாகித்ய அகாடமி பரிசு கிடைத்தது. 2021 மே மாதம் 17-ஆம் தேதி புதுச்சேரியிலேயே காலமானார். தொண்ணூறைத் தாண்டிய பிறகும் கதை பேசிக்கொண்டிருந்தவர்.

போனை வைத்த ஆயா சற்று நேரம் மௌனமாக இருந்தார்கள். “முன்னெல்லாம் தினம் பேசுவான் தம்பி. இப்ப வாரத்துக்கு ரெண்டு நாளு. அங்கேயும் கதை இருக்குன்னு ஆயிடுச்சி. அந்த லா ஃபோன்தேன் எத்தினி கதை சொல்லியிருக்காரு?”

“சுமார் 240 இருக்கும், அம்மா.”

விரலை மடக்கி எண்ணினார்கள். “எனக்கு நூறு தேறும். அதுல இருபது பையன்கிட்ட சொல்ற மாதிரி இருக்காது.”

சென்னைக்குத் திரும்பியதும் கி.ரா.வின் தொகுப்பு ஒன்றை வாங்கித் தபாலில் அனுப்பினேன். இரவில் என் மகளுக்கு ஆமைக் கதையையும் சொன்னேன், கொக்கும் வில்லியனூரும் மாறாமல். “வில்லியனூர் எங்கே இருக்கு?” என்று கேட்டாள். “உம்” கொட்டத்தான் இன்னும் பழகவில்லை.

பத்து நாள் கழித்து ஆயாவிடமிருந்து போன் வந்தது.

“புஸ்தகம் வந்திச்சி தம்பி. கண்ணாடி போட்டுக்கிட்டு எழுத்துக் கூட்டிப் படிச்சேன். பாதிக் கதை எனக்குத் தெரிஞ்ச கதைதான்.”

“அப்படியா! மீதிப் பாதியைப் பேரனுக்குச் சொல்லலாமே?”

“சொல்லலாம். ஆனா அந்தத் தெரிஞ்ச பாதி இருக்கே, அதையெல்லாம் தப்புத் தப்பாச் சொல்லியிருக்காங்க!”