நடுவயதினரின் ரெனிஸ் ஆட்டமும் உடல்நலமும்: ஒரு சமூக நோக்கு

நடுவயதிற் பொழுதுபோக்காக ரெனிஸ் ஆடுவோர் நீண்டகாலம் வாழ்கின்றனர் என்னும் கருத்து இன்று பரவலாக எடுத்தாளப்படுகின்றது. இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது கொப்பன்ஹேகன் நகர இருதய ஆய்வாகும். 8,577 பேரை 25 ஆண்டுகள் வரை அவதானித்த ஆய்வாளர் 2018 இல் தம் முடிபுகளை வெளியிட்டனர். ஓய்வுநேரத்தில் எவ்வித உடற்பயிற்சியும் செய்யாதாரோடு ஒப்பிடுமிடத்து, ரெனிஸ் ஆடுவோரின் ஆயுள் எதிர்பார்ப்பு 9.7 ஆண்டுகளும், பட்மின்ரன் ஆடுவோரது 6.2 ஆண்டுகளும், மெல்லோட்டக்காரரது 3.2 ஆண்டுகளும் கூடுதலாயிருந்தன. இவ்வெண்களை நாம் எவ்வாறு விளங்கிக்கொள்வது?

வயது ஏற ஏற இருதயத்தின் உச்சத் துடிப்பு வீதமும் தசைத்திணிவும் குறைவடைகின்றன. குறுகிய விரைவோட்டமும் சிற்றோய்வும் மாறிமாறி வரும் ரெனிஸ், இருதயத்தின் ஆற்றலைப் பேணுதற்கு ஏற்றது. எதிராளியின்றி ஆடவியலாமையால் அது மனித உறவையும் வளர்க்கின்றது. எனவே அதன் பயனை நாம் மறுக்கவில்லை. ஆயின், ஆடுகளமும் ஓய்வுநேரமும் எல்லோர்க்கும் கிட்டுவனவல்ல. கல்வி, வருமானம் முதலியன கணக்கிலெடுக்கப்பட்டபோதிலும், காரணகாரியத் தொடர்பு நிறுவப்படவில்லை என்பதை அவ்வாய்வாளரே ஏற்றுக்கொண்டுள்ளனர்.

‘ரெனிஸ் முழங்கை’ எனப்படும் நோய் இங்குக் கருதத்தக்கது. மணிக்கட்டைப் பின்வளைக்கும் தசைகளின் நாண், முழங்கையின் வெளிப்புறத்தே மீண்டும் மீண்டும் இழுபட்டு நலிவதால் இது தோன்றுகின்றது. நடுவயதினரையே பெரிதும் பீடிக்கும் இந்நோய்க்கு ஆளானோரிற் பெரும்பாலார் ரெனிஸ் மட்டையைத் தொட்டும் அறியாதவர். தச்சரும், வர்ணம் பூசுவோரும், குழாய் பொருத்துவோரும் அவர்களுள் அடங்குவர். நோயின் பெயர் ஆடுவோர்க்குரியது. வலியோ உழைப்போர்க்கும் உரியது.

கொப்பன்ஹேகனில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோரிடை நிகழ்ந்து 2021 இல் வெளியான பிறிதோர் ஆய்வு இவ்வேறுபாட்டை மேலும் துலக்குகின்றது. ஓய்வுநேர உடலியக்கம் மிகுந்தோரிடை இறப்பு வீதம் குறைந்திருக்க, தொழில்வழி உடலியக்கம் மிகுந்தோரிடை அது கூடியிருந்தது. ஆடுபவர் களைத்தவிடத்து நிறுத்தலாம்; தொழிலாளிக்கு அவ்வுரிமை பெரும்பாலும் இல்லை. இவ்வேறுபாட்டுக்குக் கூறப்படும் விளக்கங்களுள் போதிய ஓய்வின்மையும் ஒன்றாகும்.

வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலியக்கம் வேண்டுமென 2020 இல் உலக சுகாதார நிறுவனம் விதந்துரைத்தது. அதனை அறிவுரையாக மட்டும் கூறியமைதல் போதாது. வேலைநேர வரையறையும் பொது விளையாட்டிடங்களும் மக்கள் சுகாதாரத்தின் கூறுகளே என்பதை நாம் வலியுறுத்த வேண்டியவர்களாகின்றோம்.