கடலுக்கடியில் டிவி பார்க்கும் மாமா

சுட்டிப் பிள்ளைகளே, ஒரு சோபா. அதில் சட்டை போடாத ஒரு தொப்பை மாமா சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். மடியில் தட்டு, தட்டில் தீனி. கண் டிவியை விட்டு அகலவில்லை.

இதில் என்ன அதிசயம் என்றுதானே கேட்கிறீர்கள்? அவர் உட்கார்ந்திருப்பது கடலின் தரையில்! சுற்றிலும் மீன்கள் போகின்றன, வருகின்றன. அவர் தலையைத் திருப்பவே இல்லை.

அவர் ஒரு சிலை. மெக்சிகோ நாட்டில் கான்குன் என்ற ஊரை ஒட்டிய கடலுக்குள் இருக்கிறார். அவரைச் செய்தவர் ஜேசன் டிகெய்ரஸ் டெய்லர். 1974-ல் இங்கிலாந்தில் பிறந்த சிற்பி. சின்ன வயதில் மலேசியாவின் பவளப்பாறைகளில் நீந்தித் திரிந்தவர். வளர்ந்த பிறகு சிற்பம் படித்தார். கடலில் முக்குளிக்கவும் பிறருக்குக் கற்றுக்கொடுத்தார். பிறகு இரண்டையும் சேர்த்துவிட்டார்!

இவர் ராஜா ராணி சிலை செய்வதில்லை. உங்களையும் என்னையும் போன்றவர்களைத்தான் செய்கிறார். ஒவ்வொரு சிலையிலும் ஒரு கதை இருக்கும். ஸ்பெயினுக்குச் சொந்தமான லான்சரோட்டே தீவின் கடலடியில், ஒரு ஜோடி செல்ஃபி எடுத்துக்கொண்டு நிற்கிறது. அதே கடலடியில் கோட்டு சூட்டு போட்ட பெரியவர்கள் ஊஞ்சல் ஆடுகிறார்கள், சீசாப் பலகையில் ஏறி இறங்குகிறார்கள். உலகத்தையே விளையாட்டுத் திடலாக நினைத்துவிட்டார்களே என்று சிற்பி கேட்கிறார். கேள்வி கொஞ்சம் உறைக்கிறது, இல்லையா?

நீங்கள் கெட்டிக்காரர்கள். மனசுக்குள் ஒரு கேள்வி வந்திருக்குமே? “கதை சொல்ல வேண்டுமென்றால் பூங்காவில் வைக்கலாமே, எதற்குக் கடலுக்குள்?” பலே! சரியான இடத்தில் கேட்டீர்கள். பூங்காவில் வைத்த சிலை அப்படியே நிற்கும். கடலில் வைத்த சிலை வளரும். அது எப்படி என்று பார்ப்போம், வாருங்கள்.

முதலில் சிமென்ட். கட்டட வேலை செய்கிறவர்களின் கையில் ஈரச் சிமென்ட் பட்டால் தோல் அரிக்கும், பார்த்திருக்கிறீர்களா? அதில் காரத்தன்மை அதிகம். காரத்தையும் அமிலத்தையும் அளக்க பி.எச். என்ற அளவு உண்டு. 7 என்றால் நடுநிலை. கடல்நீர் 8-ஐ ஒட்டி இருக்கும். புதுச் சிமென்டோ 12, 13 வரை போகும். அவ்வளவு காரத்தில் கடலின் குட்டி உயிர்கள் ஒட்டி வாழ முடியாது. அதனால் டெய்லர் காரம் குறைந்த, கடல்நீரோடு ஒத்துப்போகும் தனிவகைச் சிமென்டில் சிலை செய்கிறார். மேற்பரப்பை வழுவழுப்பாக விடாமல் சொரசொரப்பாக வைக்கிறார். ஏன் சொரசொரப்பு? வழுக்கும் சுவரில் நீங்கள் ஏற முடியுமா? அவ்வளவுதான் விஷயம்.

சிலை கடலில் இறங்கியதும் முதலில் வருகிறவர்கள் கண்ணுக்கே தெரியாத பாக்டீரியாக்கள். அவை மெல்லிய படலமாகப் படிகின்றன. பிறகு பாசி. அதில் இளஞ்சிவப்பாக, சுண்ணாம்பு பூசியதுபோல் கெட்டியாகப் படரும் ஒரு வகை உண்டு. பவளக் குஞ்சுகளுக்கு அதை மிகவும் பிடிக்கும்.

குஞ்சா? ஆமாம், பவளம் செடி இல்லை, கல்லும் இல்லை. அது ஒரு விலங்கு! வாயும் அதைச் சுற்றிக் குட்டிக் குட்டிக் கைகளும் உள்ள மிகச் சிறிய விலங்கு. கடல்நீரிலிருந்து சுண்ணாம்புச் சத்தை எடுத்துத் தனக்கு ஒரு கூடு கட்டிக்கொள்கிறது. இப்படி லட்சக்கணக்கான கூடுகள் சேர்ந்ததைத்தான் பவளப்பாறை என்கிறோம். இதுவரை புரிந்ததா? புரியவில்லை என்றால் இந்தப் பத்தியை இன்னொரு முறை படியுங்கள், நான் காத்திருக்கிறேன்.

இந்தப் பவளங்களில் பல வகைகள் ஆண்டுக்கு ஒரு முறை, பௌர்ணமி கழிந்த சில நாட்களில், இரவில் முட்டைகளை வெளிவிடும். பள்ளிக்கூட மணி அடித்ததும் எல்லா வகுப்புப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் வெளியே ஓடி வருகிறீர்களே, அதே மாதிரி! அந்த முட்டைகளிலிருந்து வரும் குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்துபோய், ஒட்டிக்கொள்ள ஓர் இடம் தேடும். நீரோட்டம் எந்தப் பக்கம் போகிறதோ, அந்தப் பக்கம் சிலைகள் காத்திருந்தால்? குஞ்சுகளுக்கு வீடு கிடைத்துவிடும். அலையில் உடைந்து கிடக்கும் பவளத் துண்டுகளையும் டெய்லர் எடுத்துவந்து சிலைகளில் பதிக்கிறார். அவையும் பிழைத்து வளர்கின்றன.

ஆனால் பொறுமை வேண்டும். கிளை விடாத உருண்டைப் பவளங்கள் பலவும் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிது.

எனக்கு மிகவும் பிடித்த சிலை எது தெரியுமா? ஒரு கார்! கான்குன் கடலடியில் 8 டன் எடையுள்ள சிமென்ட் கார் ஒன்று நிற்கிறது. பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரின் நிஜ அளவு. முன் கண்ணாடியின் மேல் ஒரு சிறுவன் சுருண்டு படுத்திருக்கிறான். கார்களும் புகையும் நிறைந்த உலகத்தை அவனுக்குக் கொடுத்துவிட்டோமே என்பது கதை. ஆனால் காரின் உள்ளே பாருங்கள். அறை அறையாகத் தடுத்திருக்கிறார்கள். ஓட்டைகளும் விட்டிருக்கிறார்கள். யாருக்கு? சிங்கி இறாலுக்கு! பகலில் இருட்டுப் பொந்துக்குள் பதுங்கிக்கொள்வது சிங்கி இறாலின் வழக்கம். சோகமான ஒரு கதைக்குள் இறாலுக்கு வீடு கட்டிக் கொடுத்த அந்த மனசுதான் எனக்குப் பிடிக்கிறது.

இன்னொரு விந்தை சொல்கிறேன். சிலையில் சிவப்புக் கடற்பஞ்சு வளர்ந்திருந்தாலும், ஆழத்தில் அது மங்கிய பழுப்பாகத்தான் தெரியும். சூரிய ஒளியில் எல்லா நிறமும் உண்டு. தண்ணீர் அதில் சிவப்பை முதலில் விழுங்கிவிடும். பத்து மீட்டர் ஆழத்துக்குப் போனால் சிவப்பு பெரும்பாலும் தீர்ந்துபோய், நீலமும் பச்சையும் மிச்சமிருக்கும். முக்குளிப்பவர் டார்ச் அடித்தால் சிவப்பு பளிச்சென்று திரும்பி வரும். டார்ச் வெளிச்சம் கொஞ்ச தூரம்தானே தண்ணீரில் வருகிறது? அதனால் அதிலுள்ள சிவப்பு தப்பிவிடுகிறது.

“கடலில் சிமென்டைப் போடுவதும் குப்பை போடுவதுதானே?” என்று யாராவது கேட்டால் கோபப்படாதீர்கள். நல்ல கேள்வி. கான்குனுக்கு ஏராளமான சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள். அவர்களின் காலும் கையும் துடுப்பும் பட்டு இயற்கைப் பவளங்கள் உடைந்தன. சிலைகளைப் பார்க்க ஒரு பகுதிக் கூட்டம் இந்தப் பக்கம் வந்தால் அங்கே பவளம் மூச்சுவிடும். அதற்காகவே இந்தச் சிலைகளை வைத்துக் கடலடியில் ஓர் அருங்காட்சியகத்தை ஏற்படுத்தினார்கள். உள்ளூர் மக்களின் உடலில் அச்செடுத்துச் செய்த 400-க்கும் மேற்பட்ட மனித உருவங்கள் அங்கே கூட்டமாக நிற்கின்றன. இருந்தாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வளர்ந்த ஒரு பவளப்பாறைக்குச் சிலைகள் ஈடாகாது. அது அழியாமல் இருக்கக் கொஞ்சம் உதவும், அவ்வளவுதான்.

பவளத்துக்குப் பெரிய ஆபத்து சூடு. பவளத்தின் உடலுக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருக்கின்றன. அவைதான் சூரிய ஒளியில் உணவு சமைத்துப் பவளத்துக்கும் கொடுக்கின்றன. அழகான நிறமும் பெரும்பாலும் அவற்றால்தான். கோடையில் வழக்கமாக இருக்கும் உச்ச வெப்பத்தைவிட ஒரே ஒரு டிகிரி கூடி, அது சில வாரம் நீடித்தால் போதும். பவளம் அந்தப் பாசிகளை வெளியேற்றிவிடும். பிறகு வெள்ளை வெளேரென்று ஆகிவிடும். சீக்கிரம் குளிர்ந்தால் பிழைத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் பட்டினியில் சாகும்.

கடலின் இந்தச் சூட்டைக் கரையில் நிற்பவர்களுக்குக் காட்ட டெய்லர் 2019-ல் ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் நகரில் ஒரு சிலை வைத்தார். அந்த மண்ணின் தொல்குடிச் சிறுமி ஒருத்தியைப் பார்த்துச் செய்தது. அவள் கடலுக்கு வெளியே, தண்ணீருக்கு மேலே நிற்கிறாள். பெருந்தடுப்புப் பவளத்திட்டின் ஒரு பகுதியான டேவிஸ் திட்டில் ஒரு வானிலை நிலையம் இருக்கிறது. அங்கே அளக்கும் கடல்நீரின் வெப்ப அளவு சிலையின் விளக்குகளுக்கு வந்துகொண்டே இருக்கும். நீர் குளிர்ந்திருந்தால் சிலை நீலம். சூடு ஏற ஏற நிறம் மாறி, கடைசியில் சிவப்பு. கடற்கரைக்கு நடக்க வருகிறவர்கள் அவளைப் பார்த்தே அன்றைய கடலின் சூட்டைத் தெரிந்துகொள்ளலாம்.

கண்மணிகளே, உங்களுக்கு ஒரு வேலை. உங்கள் வீட்டிலோ தெருவிலோ தினமும் பார்க்கும் ஒரு காட்சியைக் கடலடிச் சிலையாக வரைந்து பாருங்கள். பாட்டி பேத்திக்கு ஜடை பின்னுவதாக இருக்கலாம், பஸ்ஸில் எல்லோரும் செல்போனைப் பார்ப்பதாகவும் இருக்கலாம். ஒரே ஒரு நிபந்தனை: மீன் புகுந்து போக எங்கே வழி, இறால் ஒளிய எங்கே பொந்து, பவளம் ஒட்ட எந்த இடம் சொரசொரப்பு என்று மூன்றையும் படத்தில் அம்புக்குறி போட்டுக் காட்ட வேண்டும்.