அடியாத நாயும் படியும்

தோட்டத்து வீட்டில் நாய் இல்லாமல் வெள்ளாமை பார்ப்பது சிரமம். ராத்திரியில் பன்றி இறங்கினால் முதலில் குரல் கொடுப்பது அதுதான். ஆட்டுப் பட்டிக்கும் கோழிக் கூட்டுக்கும் அதுதான் காவல். ஆனால் அதைப் பழக்குவது எப்படி என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "யாரு எசமான்னு அதுக்குக் காட்டணும். இல்லேன்னா தலைமேல ஏறி உக்காந்துக்கும்." குட்டியின் கழுத்தைப் பிடித்து உலுக்கு, மல்லாக்கப் போட்டு அமுக்கு, கண்ணை உருட்டி முறை, வாசலில் உனக்கு முன்னால் போக விடாதே என்றெல்லாம் சொல்வார்கள். டவுனில் காசு வாங்கிக்கொண்டு நாய் பழக்குகிறவர்களில் சிலரும் இதையே 'ஆல்ஃபா முறை' என்று பெயர் வைத்துச் சொல்கிறார்கள். கூட்டத் தலைவன் முறை என்று அர்த்தம்.

இந்தப் பேச்சு ஓநாயிடமிருந்து வந்தது. 1947இல் ருடால்ஃப் ஷெங்கல் என்பவர், சுவிட்சர்லாந்தின் பாசெல் விலங்குக் காட்சிசாலையில் அடைத்து வைத்திருந்த ஓநாய்களைக் கவனித்து எழுதினார். அவை சண்டை போட்டன, ஒன்றை ஒன்று அடக்கின. ஜெயித்தது தலைவன் ஆனது. அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மெக் 1970இல் எழுதிய ஓநாய்ப் புத்தகம் இந்தக் கருத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. 'ஓநாயிலிருந்து வந்ததுதானே நாய், அதுவும் நம்மிடம் பதவிக்குப் போட்டி போடும்' என்று நாய் பழக்குகிறவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

எட்டு வீட்டுச் சேவலை ஒரே கூண்டில் அடைத்தால் என்ன நடக்கும்? கொத்திக் கொத்தி ரத்தம் வரும். அதைப் பார்த்துவிட்டு 'கோழிக் குடும்பமே இப்படித்தான்' என்று எழுதினால் சரியா? அடைத்து வைத்த ஓநாய் விஷயத்திலும் அதுதான் நடந்தது. அதே டேவிட் மெக் பிறகு கனடாவின் எல்ஸ்மியர் தீவில் பல கோடைகாலங்கள் காட்டு ஓநாய்களோடு இருந்து பார்த்தார். அங்கே கூட்டம் என்பது ஒரு குடும்பம். தாய், தகப்பன், அவற்றின் குட்டிகள். குட்டிகள் பெற்றோர் பின்னால் போகின்றன. வளர்ந்ததும் பிரிந்துபோய்த் தனிக் குடும்பம் ஆகின்றன. அடித்துப் பிடித்து வாங்கிய பதவி அங்கே இல்லை. இதை 1999இல் அவரே கட்டுரையாக எழுதினார். தன் பழைய புத்தகத்தை இனி அச்சிட வேண்டாம் என்று பதிப்பகத்தாரிடம் பல வருஷம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஓநாய் கதை இருக்கட்டும். நம்ம வீட்டு நாய் ஓநாயும் இல்லை. பல ஆயிரம் வருஷமாக மனுசன் கூடவே வாழ்ந்து வந்த பிராணி. அது மேலே தாவுவது சந்தோஷத்தில். வாசலில் முந்துவது அவசரத்தில். சிப்பிப்பாறை, கன்னி மாதிரி வேட்டை நாய்கள் ஓடுகிற எதையும் துரத்துவது வழிவழியாக வந்த குணம். இதில் எதிலும் தலைமைப் போட்டி கிடையாது.

சரி, அடித்தால் என்ன ஆகும்? அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நாயின் குணத்தால் சிரமப்பட்டு வந்த 140 வளர்ப்பாளர்களிடம் விசாரித்து 2009இல் வெளியிட்டார்கள். அடித்தோ உதைத்தோ பார்த்தவர்களில் 43 விழுக்காட்டினர் நாய் தங்கள் மேல் பாய வந்ததாகச் சொன்னார்கள். மல்லாக்கப் போட்டு அமுக்கியவர்களில் 31 விழுக்காட்டினர். முறைத்துப் பார்த்ததற்கே 30 விழுக்காட்டினர்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. உறுமல் என்பது நாய் கொடுக்கிற எச்சரிக்கை. 'கிட்ட வராதே, பயமா இருக்கு' என்று சொல்கிறது. உறுமும்போதெல்லாம் அடித்தால் உறுமுவதை விட்டுவிடும், பயத்தை விடாது. அப்புறம் சத்தமே இல்லாமல் கடிக்கும். கடி படுவது அடித்த ஆளாக இல்லாமல், பக்கத்தில் விளையாடுகிற பிள்ளையாகவும் இருக்கலாம்.

அடி பாடமும் சொல்லித் தராது. காலையில் கோழியைப் பிடித்ததற்கு மத்தியானம் அடித்தால், கோழிக்கும் அடிக்கும் உள்ள சம்பந்தம் நாய்க்குத் தெரியாது. கூப்பிட்டு லேட்டாக வந்ததற்கு அடித்தால், 'கிட்டப் போனா அடி விழும்' என்பதைத்தான் கற்றுக்கொள்ளும்.

பழக்குகிற வழி சுலபம். நமக்கு வேண்டியதை நாய் செய்த அந்த நொடியே அதற்குப் பிடித்ததைக் கொடுக்க வேண்டும். ஒரு துண்டு அவித்த முட்டை போதும். பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க, வந்ததும் கொடுங்க. நாளுக்குப் பத்துத் தடவை, ஒரு தடவைக்கு ஒரு நிமிஷம். தாவினால் திரும்பி நில்லுங்க, நாலு காலும் தரையில் இருக்கும்போது தடவிக் கொடுங்க. சோற்றுத் தட்டைப் பிடுங்காதீங்க. அது தின்னும்போது தள்ளி நின்றே ஒரு கருவாட்டுத் துண்டைப் போடுங்க. ஆள் வருவது நல்லதுக்குத்தான் என்று பழகும்.

கோழிக்குப் பழக்க, குட்டியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு தூரத்திலிருந்து கோழியைக் காட்டுங்க. பாயாமல் நம்மைத் திரும்பிப் பார்த்தால் உடனே தீனி. நாளாக நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டப் போகலாம். நம்பிக்கை வருகிறவரை தனியாக விட வேண்டாம்.

குட்டிக்கு மூன்று வாரத்திலிருந்து மூன்று மாதம் வரை முக்கியமான பருவம். அப்போது பார்த்த மனுசர், ஆடு, மாடு, டிராக்டர் சத்தம் எல்லாம் பின்னால் பயமாகத் தெரியாது. அந்த வயசில் மூலையில் சங்கிலி போட்டுக் கட்டினால் பின்னால் வருகிற எல்லாவற்றுக்கும் மிரளும்.

அடிக்க வேண்டாம் என்றால் கட்டுப்பாடே வேண்டாம் என்று அர்த்தம் இல்லை. சோறு, கயிறு, கதவு எல்லாம் நம் கையில்தான் இருக்கு. வீட்டில் எல்லாரும் ஒரே சொல், ஒரே பழக்கம் வைத்துக்கொள்ள வேண்டும். ஒருத்தர் தாவ விட்டு, இன்னொருத்தர் அதட்டினால் நாய் குழம்பிப் போகும்.

சாதுவான நாய் திடீரென்று சீறினால் முதலில் காதில் புண், உடம்பில் உண்ணி, காலில் முள் இருக்கிறதா என்று பாருங்க. கால்நடை மருத்துவரிடம் காட்டுங்க. மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு வருஷா வருஷம் தவறாமல் போடுங்க. யாரையாவது கடித்துவிட்டால் மஞ்சளோ சுண்ணாம்போ வைக்காதீங்க. ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்க.