பழம் பறிக்கும் முன்பே கல்லூரிக் கதவைத் தட்டுங்கள்!

காபி விவசாயிகளும் பொறியியல் மாணவர்களும் கைகோக்க ஜூன் மாதமே சரியான நேரம்

சேர்வராயன் மலையில் காபி கால்பதித்தது 1820-களில், எம்.டி.காக்பர்ன் சேலம் கலெக்டராக இருந்தபோது. 200 ஆண்டுகள் ஆகியும் ஏற்காடு விவசாயிகளை ஒரு கவலை விடவில்லை. பழம் பறிக்கத் தொடங்கும் நேரத்தில்தான் வடகிழக்குப் பருவமழையும் வருகிறது. பல்ப்பரில் தோல் நீக்கிக் கழுவிய பார்ச்மென்ட் காபி, நல்ல வெயிலில் 7 முதல் 10 நாள்களில் களத்தில் காய்ந்துவிடும். மழையும் பனிமூட்டமும் சூழ்ந்தால் பூஞ்சணம் பிடித்து, நிறமும் மணமும் கெட்டு, விலை இறங்கிவிடும்.

மலைக்குக் கீழே, சேலத்தைச் சுற்றிப் பல பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. இறுதியாண்டு மாணவர்கள் புராஜெக்ட் செய்தாக வேண்டும். பொருள் செலவை ஏற்கும் ஸ்பான்சராக விவசாயியே முன்வந்தால், சிறிய உலர்த்தும் கருவி ஒன்றை உருவாக்க முடியும். அதற்குத் திட்டமிடல் முக்கியம்.

பருவமும் செமஸ்டரும்

புராஜெக்ட் வேலை பெரும்பாலும் கடைசி செமஸ்டரில், ஏப்ரல், மே வாக்கில் முடியும். அராபிகா பழம் பறிப்போ பிப்ரவரியோடு ஓய்ந்துவிடும். டிசம்பரில் பேச்சைத் தொடங்கினால், கருவி தயாராகும்போது அதில் போட காபி இருக்காது. அடுத்த அறுவடைக்குள் மாணவர்கள் கல்லூரியை விட்டே போயிருப்பார்கள்.

அதனால், ஜூன், ஜூலையில் துறைத் தலைவரைச் சந்தித்துவிட வேண்டும். ஆகஸ்டில் மாணவர்கள் தோட்டத்தைப் பார்க்கட்டும். நவம்பருக்குள் முதல் மாதிரி, டிசம்பர், ஜனவரியில் சோதனை, பிப்ரவரி, மார்ச்சில் திருத்தம் என்று வைத்துக்கொண்டால் பருவமும் படிப்பும் ஒத்துப்போகும்.

தேவையை எண்ணில் சொல்லுங்கள்

‘காபி காய மெஷின் வேண்டும்’ என்றால் போதாது. ஒரு நாளைக்கு எத்தனை கிலோ என்று சொல்ல வேண்டும். 55 சதவிகித ஈரமுள்ள 100 கிலோ பார்ச்மென்ட்டை 10 சதவிகிதத்துக்குக் கொண்டுவர, 50 கிலோ தண்ணீரை வெளியேற்ற வேண்டும். இதற்கான வெப்பத்தை மின்சாரத்தில் மட்டும் பெற்றால், வீணாவது போகக் குறைந்தது 33 யூனிட் ஆகும். இந்தக் கணக்கைப் பார்த்த பிறகுதான் சூரிய வெப்பமா, விறகா, இரண்டும் சேர்ந்தா என்று முடிவு செய்ய முடியும்.

காபியின் சூடு 40 டிகிரியைத் தாண்டக் கூடாது, மின் இணைப்பு சிங்கிள் பேஸா, த்ரீ பேஸா என்பதையும் எழுதிக் கொடுங்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, தோட்டத்துப் பாதையிலும் கருவி வர வேண்டும். எனவே, கழற்றி மாட்டும் வசதி அவசியம்.

பணமும் ஒப்பந்தமும்

பொருள் வாங்கும் செலவைத் தவணையாகக் கொடுத்து, பில் வாங்கிக்கொள்ளுங்கள். தனியாகச் சுமக்க முடியாத சிறு விவசாயிகள் நான்கைந்து பேர் சேர்ந்து பகிரலாம். மாணவர் புராஜெக்ட்டுகளுக்கு நிதி உதவும் திட்டம் ஒன்றைத் தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றம் நடத்துகிறது. கல்லூரி மூலமாக விண்ணப்பிக்க வேண்டும்.

புராஜெக்ட் முடிந்தபின் கருவி யாருக்கு, வரைபடத்தின் நகல் யாரிடம், பழுதானால் யார் பார்ப்பது என்பதை ஒரு பக்கத்தில் எழுதி, கல்லூரியும் விவசாயியும் கையெழுத்திட வேண்டும். காப்புரிமை பெறும் எண்ணம் இருந்தால், கண்காட்சியிலோ கட்டுரையிலோ வெளியிடும் முன்பே விண்ணப்பித்துவிட வேண்டும்.

இது மாணவர்கள் படித்துக்கொண்டே செய்யும் வேலை. முதல் மாதிரி சொதப்பலாம். ஆகவே, மொத்த விளைச்சலையும் அதில் போடாமல் 20 கிலோவில் சோதியுங்கள். அதே நாள் பறித்த காபியைக் களத்திலும் காயவைத்து, ஈரப்பதம், நிறம், காய்ந்த நாள்கள் மூன்றையும் ஒப்பிடுங்கள். பயிர் சார்ந்த சந்தேகங்களுக்கு, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஏற்காடு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தை அணுகலாம். அந்த ஒப்பீட்டுக் குறிப்பைப் பத்திரமாக வைத்திருந்தால், அடுத்த ஆண்டு வரும் மாணவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள்.