உங்களுக்குத் தெரியுமா? பேசுகிறவர், பேசாதவர், பேச நேரம் கிடைக்காதவர்

● மனிதர்களை நான்கு சுபாவமாகப் பிரிக்கும் வழக்கம் இன்றைய அலுவலகப் பயிற்சி வகுப்புகளில் பிறந்ததல்ல. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் ரோமில் வைத்தியம் பார்த்த கிரேக்கர் கேலன். அவர் வழிவந்த மருத்துவம் ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் கோலோச்சியது. அதன் கணக்குப்படி, ரத்தம் மிகுந்தவர் கலகலப்பானவர், மஞ்சள் பித்தம் மிகுந்தவர் முன்கோபி, கரும்பித்தம் மிகுந்தவர் கவலைக்காரர், கபம் மிகுந்தவர் எதற்கும் பதறாத நிதானி. சித்த மருத்துவம் வாதம், பித்தம், கபம் என்று மூன்றை எண்ணுகிறது. திருக்குறளின் 'மருந்து' அதிகாரமும் இந்த மூன்றின் ஏற்றத்தாழ்வில்தான் தொடங்குகிறது.

● தன்னுள் ஒடுங்குபவர் அகமுகி, வெளியுலகை நாடுபவர் புறமுகி என்ற பிரிவைப் பரவலாக்கியவர் சுவிட்சர்லாந்து உளவியலாளர் கார்ல் யுங். அவருடைய 'உளவியல் வகைகள்' நூல் 1921-இல் ஜெர்மன் மொழியில் வந்தது.

● மனிதவளத் துறையில் இருப்பவர்களுக்கு மயர்ஸ்-பிரிக்ஸ் சோதனை பழக்கமான பெயர். 16 வகை ஆளுமை, ஒவ்வொன்றுக்கும் நான்கு எழுத்து. அதை உருவாக்கிய காதரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் பிரிக்ஸ் மயர்ஸும் உளவியல் படித்தவர்கள் அல்லர். இசபெல் அதற்கு முன் துப்பறியும் நாவல் எழுதிப் பரிசு வாங்கியவர். யுங்கின் நூலைப் படித்து ஈர்க்கப்பட்ட இருவரும், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் முதல்முறையாகத் தொழிற்சாலை வேலைக்கு வந்த பெண்களுக்குப் பொருத்தமான வேலையைக் கண்டுபிடித்துக் கொடுக்கவே இந்தச் சோதனையை வளர்த்தார்கள். அந்த நோக்கம் மிக நல்லது.

● நிறுவனங்களில் புழங்கும் இன்னொரு முறை 'டிஸ்க்'. அதற்கு அடிப்படையான நான்கு குணங்களை 1928-இல் எழுதியவர் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மார்ஸ்டன். ரத்த அழுத்தத்தை வைத்துப் பொய்யைக் கண்டுபிடிக்க முயன்றவரும் இவர்தான். 1941-இல் 'வொண்டர் வுமன்' என்ற படக்கதை நாயகியைப் படைத்தவரும் இவரே! கோட்பாடு மட்டும்தான் மார்ஸ்டனுடையது. அதை ஆள் தேர்வுக்கான சோதனையாக மாற்றியவர்கள் பின்னால் வந்தவர்கள்.

● 'அட, அப்படியே என்னைச் சொல்லியிருக்கிறதே!' என்று தோன்றினால் கொஞ்சம் நிதானியுங்கள். 1948-இல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தம் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு சோதனை வைத்தார். ஒரு வாரம் கழித்து, ஒவ்வொருவர் கையிலும் அவரவர் பெயர் போட்ட ஆளுமைக் குறிப்பு. 'இது உங்களுக்கு எவ்வளவு பொருந்துகிறது?' என்று கேட்டு 5-க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. பிறகுதான் குறிப்பின் முதல் வரி உரக்கப் படிக்கப்பட்டது. வகுப்பே சிரித்தது. அத்தனை பேருக்கும் கொடுத்தது ஒரே குறிப்பு. கடையில் விற்ற ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்த வரிகள் அதில் இருந்தன.

● மயர்ஸ்-பிரிக்ஸ் சோதனையைச் சில வாரங்கள் கழித்து மறுபடி எழுதியவர்களில் கணிசமானோருக்கு வேறு வகை வந்திருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. காரணம் எளிது. கலகலப்பு, கூச்சம் எல்லாமே உயரம், எடை போல. பெரும்பாலானவர்கள் நடுவில்தான் நிற்கிறோம். நடுவில் கோடு கிழித்து இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்றால், கோட்டோரம் நிற்பவர் ஒரு நாள் தூக்கம் கெட்டாலே பக்கம் மாறிவிடுவார்.

● அப்படியானால் சுபாவம் என்பதே இல்லையா? நிச்சயம் உண்டு. ஹார்வர்டின் உளவியலாளர் ஜெரோம் கேகன் நான்கு மாதக் குழந்தைகளுக்குப் புதிய பொம்மை, புதிய குரல், புதிய வாசனை காட்டிப் பார்த்தார். ஏறக்குறைய ஐந்தில் ஒன்று கை காலை உதைத்து அழுதது. அந்தக் குழந்தைகளில் பலர் வளர்ந்த பிறகு புதியவர்களிடம் தயங்குபவர்களாக இருந்தார்கள், எல்லோரும் அல்ல. சுபாவம் உண்மை, முத்திரைதான் நம்பத்தகாதது என்பது என் தீர்மானமான கருத்து.

● இன்றைய உளவியல் ஆய்வுகளில் அதிகம் பயன்படுவது ஐந்து குண அளவுகோல். அதில் யாரும் ஒரு 'வகை' அல்லர். ஒவ்வொரு குணத்திலும் கூடுதலாகவோ குறைவாகவோ இருப்பவர்கள். 1991-இல் பேரிக், மவுண்ட் என்ற இருவர் பழைய ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்தபோது, எல்லா வகைத் தொழிலிலும் வேலைத் திறனோடு தொடர்ந்து ஒத்துப்போனது ஒரே குணம்: பொறுப்புணர்வு. கூட்டத்தில் சத்தமாகப் பேசுவதோடு அதற்குச் சம்பந்தம் இல்லை.

● ஒருவர் பேசி முடித்து அடுத்தவர் வாய் திறக்க எவ்வளவு நேரம் ஆகிறது? பத்து மொழிகளில் அளந்து 2009-இல் வெளியான ஆய்வு சொல்லும் சராசரி, ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. அளந்தவர்களில் ஜப்பானியர் மிக வேகம், டேனிஷ்காரர்கள் மிக நிதானம். இவ்வளவு குறைந்த நேரத்தில் யோசித்துப் பதில் சொல்ல முடியாது. அதாவது, எதிராளி பேசிக்கொண்டிருக்கும்போதே நாம் பதிலைத் தயார் செய்துவிடுகிறோம். முழுக்கக் கேட்டுவிட்டு யோசிப்பவருக்கு இந்த ஓட்டத்தில் இடமே கிடைப்பதில்லை.

ஒரு திங்கட்கிழமைக் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 'டெலிவரி ஏன் லேட் ஆகுது? சொல்லுங்க' என்கிறார் மேலாளர். கேள்வி முடியும் முன்பே விற்பனைப் பிரிவுத் தம்பி ஆரம்பித்துவிடுகிறார். ஸ்டோர்ஸ் பார்க்கும் மேடம் பதிவேட்டைப் புரட்டி, எந்தத் தேதி எந்த லோடு உள்ளே வந்தது என்று விரல் வைத்துத் தேடுகிறார். அவர் நிமிர்ந்து 'சார்...' என்பதற்குள் பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறது. கேட்ட கேள்விக்கு விடை அந்தப் பதிவேட்டில்தான் இருந்தது. நம் அலுவலகங்கள் இழப்பதில் பாதி இப்படித்தான் போகிறது என்று நான் நம்புகிறேன்.

● இதற்கு மருந்து மூன்று நொடி. அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ, வகுப்பறைகளைப் பதிவு செய்து கேட்டார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடி ஆக்கச் சொன்னதும் பதில்கள் நீண்டன, மௌனம் குறைந்தது, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். மேலாளர்கள் செலவில்லாமல் நாளைக்கே செய்து பார்க்கலாம்.

● நாலு பேர் கூடி யோசித்தால் நிறைய யோசனை வரும் என்பது 'பிரெய்ன்ஸ்டார்மிங்' முறையைப் பிரபலப்படுத்திய விளம்பரத் துறைக்காரர் அலெக்ஸ் ஆஸ்பர்னின் நம்பிக்கை. 1958-இல் யேல் பல்கலைக்கழகத்தில் சோதித்தார்கள். நால்வர் சேர்ந்து யோசித்ததைவிட, அதே எண்ணிக்கையில் தனித்தனியே யோசித்தவர்களின் யோசனைகளைக் கூட்டியபோது அவை அதிகமாகவும் தரமாகவும் இருந்தன. ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும். அதற்குள் நினைத்தது மறந்துவிடும். முதலில் ஐந்து நிமிடம் ஆளுக்கொரு தாளில் எழுதச் சொல்லுங்கள், பேச்சு பிறகு.

● அமேசானில் 2004-இல் அதன் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் மூத்த அதிகாரிகளின் கூட்டங்களில் பவர்பாயின்ட்டுக்குத் தடை போட்டார். அதற்குப் பதில் வந்தது ஆறு பக்கக் குறிப்பு. கூட்டம் தொடங்கியதும் எல்லோரும் அதைச் சத்தமில்லாமல் படிக்கிறார்கள், அதன் பிறகே விவாதம்.

● நல்ல தலைவர் என்றால் கலகலப்பானவரா? உளவியலாளர் ஆடம் கிராண்டும் அவருடைய சகாக்களும் அமெரிக்காவில் ஒரு பீட்சா நிறுவனத்தின் கிளைகளை ஆராய்ந்தார்கள். ஊழியர்கள் சொன்னதை மட்டும் செய்யும் கிளைகளில் புறமுகி மேலாளர்களுக்கு லாபம் சராசரியைவிட 16% கூடுதல். ஊழியர்களே யோசனை சொல்லும் கிளைகளில் புறமுகி மேலாளர்களுக்கு 14% குறைவு. துடிப்பான குழுவுக்குக் கேட்கத் தெரிந்த தலைவர்தான் பொருத்தம். விற்பனையிலும் இதே கதை. தொலைபேசியில் விற்பவர்களைப் பற்றி கிராண்ட் 2013-இல் வெளியிட்ட ஆய்வில் அதிகம் சம்பாதித்தவர்கள், அகமுகிக்கும் புறமுகிக்கும் நடுவில் இருந்தவர்கள்.

● 'பார்க்கலாம் சார்.' வாட்ஸ்அப்பில் வந்த இந்தச் செய்தி சம்மதமா, சலிப்பா? 2005-இல் வெளியான ஒரு ஆய்வில், மின்னஞ்சலில் தாங்கள் சொன்னது கிண்டலா நிஜமா என்று 78% முறை படிப்பவருக்குப் புரியும் என எழுதியவர்கள் நம்பினார்கள். உண்மையில் புரிந்தது 56%. நாணயத்தைச் சுண்டிவிட்டுச் சொன்னாலே 50% வரும். குரலில் கேட்டவர்களோ முக்கால்வாசி சரியாகச் சொன்னார்கள். மனத்தாங்கல் வரக்கூடிய விஷயம் என்றால் போனை எடுத்துப் பேசிவிடுங்கள். சொல்லவந்ததைக் கோவையாகச் சொல்லத் தயங்குகிறவரிடமோ எழுத்திலேயே கேளுங்கள், அவகாசமும் கொடுங்கள்.

● கடைசியாக ஒன்று, வேலை தேடுகிறவர்களும் வேலை கொடுக்கிறவர்களும் தெரிந்துகொள்ள வேண்டியது. மயர்ஸ்-பிரிக்ஸ் சோதனையை ஆள் எடுப்பதற்கோ வடிகட்டுவதற்கோ பயன்படுத்தக் கூடாது என்று அதை வெளியிடுபவர்களே சொல்லியிருக்கிறார்கள். நான்கு எழுத்தைக் காட்டி யாராவது உங்களுக்கு வேலையோ பதவி உயர்வோ மறுத்தால், தயங்காமல் இதை எடுத்துச் சொல்லுங்கள்.