நீலகிரியில் ஒரு நூலைத் தேடிக் கண்டடைதல்

உதகமண்டலத்தில் 1859ஆம் ஆண்டு தோற்றுவிக்கப்பட்ட நீலகிரி நூலகம், தென்னிந்தியாவில் இன்றும் இயங்கிவரும் பழைய நூலகங்களுள் ஒன்றாகும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தை வடிவமைத்த கட்டடக் கலைஞர் ராபர்ட் சிஷோம் வரைந்த திட்டத்தின்படி எழுந்த அதன் கட்டடம், சந்தா செலுத்தும் உறுப்பினர்களுக்காக, அதாவது மலைவாசத்தலத்தில் கோடையைக் கழித்த ஆங்கிலேய அதிகாரிகளுக்காகவும் தோட்ட முதலாளிகளுக்காகவும் அமைந்தது. அதே ஊரில், முற்றிலும் வேறான ஒரு கொள்கையின் மேல் நிற்கும் மாவட்ட மைய நூலகமும் இருக்கிறது. அது 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டத்திலிருந்து பிறந்த அமைப்பின் ஓர் உறுப்பு. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது நிறைவேறிய அந்தச் சட்டம், சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி என்னும் ஒரு சிறு தொகையை வசூலித்து, அந்தப் பணத்தைக் கொண்டு மாவட்டந்தோறும் மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் எனப் படிப்படியாக நூலகங்களை நடத்த வழிசெய்தது. ஆங்கிலேயரின் சந்தா நூலகத்திற்கும் மக்களின் பொது நூலகத்திற்கும் உள்ள வேறுபாடு, யார் உள்ளே வரலாம் என்னும் கேள்வியோடு முடிந்துவிடுவதில்லை. உள்ளே வந்தவர் தமக்கு வேண்டிய நூலை எவ்வளவு எளிதாக அடைகிறார் என்பதும் அந்த வேறுபாட்டின் பாதியாகும்.

இந்த இரண்டாவது கேள்வியை ஆராயும் துறையை இன்று பயனர் அனுபவம் என்று வழங்குகின்றனர். ஒரு பொருளையோ சேவையையோ கணினித் திரையையோ பயன்படுத்துபவர் எங்கே தடுமாறுகிறார், எங்கே காத்திருக்கிறார், எந்த இடத்தில் மனம் சலித்துத் திரும்பிவிடுகிறார் என்பவற்றை நேரில் கவனித்து, அந்தக் கவனிப்பின்படி வடிவமைப்பைத் திருத்துவதே அதன் வேலை. 1990களில் ஆப்பிள் நிறுவனத்தில் பணியாற்றிய டொனால்ட் நார்மன் வழியாக இந்தப் பெயர் பரவியது. ஆனால் நூலகத்தைப் பொறுத்தவரையில் இதன் அடிப்படை முறையை அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே சென்னையில் ஒருவர் எழுதிவிட்டார். சீர்காழியில் 1892இல் பிறந்து, கணிதம் கற்பித்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் பொறுப்பேற்ற எஸ். ஆர். ரங்கநாதன், 1931இல் வெளியிட்ட ‘நூலக அறிவியலின் ஐந்து விதிகள்’ என்னும் நூலில் நான்காவது விதியாக வாசகரின் நேரத்தைக் காக்க வேண்டும் என்பதை வைத்தார். அந்த விதியை விளக்கப் புகும்போது, ஒரு வாசகர் நூலகத்துக்குள் நுழையும் கணத்திலிருந்து வெளியேறும் கணம் வரை அவரைப் பின்தொடர்ந்து, ஒவ்வொரு கட்டத்திலும் அவருடைய நேரம் எவ்வாறு செலவாகிறது என்று ஆராய்வதையே அவர் வழிமுறையாகக் கொண்டார். பயனரின் பயணத்தை வரைதல் என்று இன்றைய மென்பொருள் நிறுவனங்கள் பயிற்சி வகுப்புகளில் கற்பிப்பது இதைத்தான். தமிழ்நாட்டு நூலகங்களின் கணினிமயமாக்கத்தைப் பற்றிப் பேசுவோர் வெளிநாட்டு முன்மாதிரிகளைத் தேடுவதற்கு முன் இந்த நூலைத் திறந்து பார்ப்பது நல்லது.

நீலகிரியில் அவ்வாறு ஒரு வாசகரைப் பின்தொடர்ந்தால், பயணம் நூலக வாசலுக்கு வெகுதூரம் முன்பே தொடங்கிவிடுகிறது. குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர், குந்தா வட்டங்களில் தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகள் சரிவுகளில் சிதறிக் கிடக்கின்றன. கொழுந்து பறிப்பவர் காலையில் காட்டுக்குப் போனால், பறித்த கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வீடு திரும்ப மாலையாகிவிடும். அதற்குள் ஒரு பகுதிநேர நூலகம் அன்றைய சில மணி நேரத்தை முடித்துப் பூட்டியிருக்கக்கூடும். கோடு போட்ட வரைபடத்தில் இரண்டு கிலோமீட்டர் எனக் காட்டும் தொலைவு, கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்துக்குக் காத்திருக்கும் ஒருவருக்கு அரை நாளாகிவிடுகிறது. ஆகவே இங்கே முதல் தொழில்நுட்பம் நடமாடும் நூலகமே. 1931இல் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பியது இதன் முன்னோடி. அந்த ஏற்பாட்டின் சிறப்பு வண்டியில் மட்டும் இல்லை, இன்ன நாளில் இன்ன ஊருக்கு வண்டி வரும் என்று வாசகர் நம்பிக் காத்திருக்கலாம் என்பதில் இருந்தது. இத்தகைய சேவைக்குப் பணம் தரும் நூலக வரி சொத்து வரியோடு இணைந்திருப்பதால், சொத்து வரி குறைவாகக் கிடைக்கும் ஊர்கள் மிகுந்த மாவட்டத்திற்கு அந்த வழியில் வருமானமும் குறைவாகவே வரும். ஆனால் ஒரு நூலை வாசகர் கையில் சேர்க்க ஆகும் செலவோ மலையில் கூடுதல். இந்த முரண்பாட்டைத் தீர்க்காமல் திரைகளை மட்டும் அழகுபடுத்துவதால் அதிகப் பயன் இல்லை.

வாசலைத் தாண்டிய வாசகர் அடுத்துச் சந்திப்பது நூற்பட்டியலை. முன்பு மர இழுப்பறைகளில் அட்டைகளாக இருந்த இது இப்போது நூலக மேலாண்மை மென்பொருளுக்குள் இருக்கிறது. 1999இல் நியூசிலாந்தின் ஒரு சிறிய வட்டார நூலகம், தன் பழைய மென்பொருள் 2000ஆம் ஆண்டின் தேதி மாற்றத்தைத் தாங்காது என்று அறிந்து உருவாக்கச் செய்த கோஹா, இன்று யாரும் இலவசமாகப் பெற்று மாற்றியமைத்துக்கொள்ளக்கூடிய நிலையில் உலகெங்கும் பரவியிருக்கிறது. இந்திய அரசின் தேசிய தகவல் மையம் உருவாக்கிய ஈ-கிரந்தாலயாவும் நம் நூலகங்களுக்குக் கிடைக்கிறது. மென்பொருள் எதுவாயினும், அதில் தமிழ் எவ்வாறு உள்ளிடப்பட்டது என்பதே தேடுபவரின் அனுபவத்தைத் தீர்மானிக்கிறது என்பதால், அந்த இடத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

யுனிகோடு என்பது உலக மொழிகளின் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண்ணை ஒதுக்கும் பொதுத்தரம். அது அரசு அலுவலகங்களில் நிலைபெறுவதற்கு முன், வெவ்வேறு எழுத்துருக்கள் வெவ்வேறு குறியீட்டு முறைகளைப் பின்பற்றின. அவற்றில் ஒன்றில் தட்டச்சு செய்த பட்டியலை இன்னொன்றில் திறந்தால் பொருளற்ற குறிகளே தெரியும். அந்தக் குழப்பம் தணிந்த பின்னும் நுட்பமான சிக்கல்கள் எஞ்சுகின்றன. ‘கொ’ என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே எண்ணாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்னும் இரண்டு எண்களாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும், ஆனால் இவற்றை ஒன்றெனக் கருதும்படி மென்பொருளை அமைக்காவிட்டால், ஒரு முறையில் உள்ளிட்ட ‘கொழுந்து’ மற்றொரு முறையில் தேடுபவருக்கு அகப்படாது. அகரவரிசையும் அப்படியே. யுனிகோடு எண்களின் வரிசையில் னகரம் நகரத்தை அடுத்தும் றகரம் ரகரத்தை அடுத்தும் அமைந்திருப்பதால், எண்ணைப் பார்த்து மட்டும் அடுக்கும் கணினி ‘மரம்’ என்பதற்கு முன்பாக ‘மனம்’ என்பதை வைத்துவிடும். புள்ளிக்குரிய எண் கடைசியில் வருவதால் ‘பக்கம்’ என்பது ‘பகல்’ என்பதற்குப் பின்னால் தள்ளப்படும். அகராதி பார்த்துப் பழகிய தமிழ் வாசகர், தாம் தேடிய பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இல்லாததைக் கண்டு, நூலே இல்லை என்று முடிவுசெய்து போய்விடுகிறார். தமிழுக்குரிய வரிசை விதிகள் எழுதப்பட்டுப் பொதுவில் கிடைக்கின்றன. அவற்றை நிறுவும் வேலைதான் பல இடங்களில் விடுபட்டுப் போகிறது.

இவற்றினும் கடினமானது பெயர்களின் பன்மை. உ. வே. சாமிநாதையர் என்னும் ஒருவரே சாமிநாத ஐயர், சுவாமிநாதய்யர், உ.வே.சா. எனப் பல வடிவங்களில் நூல்களின் அட்டைகளில் அச்சாகியிருக்கிறார். தலைப்பெழுத்துக்குப் பின் புள்ளி இருக்கிறதா, இடைவெளி இருக்கிறதா என்பதுகூடத் தேடலின் விடையை மாற்றிவிடும். நீலகிரியைப் பற்றிய நூல்களைத் தேடுபவருக்கு இந்தத் தொல்லை இரட்டிப்பாகிறது. உதகமண்டலம், உதகை, ஊட்டி ஆகியவை ஒரே ஊர். படகர் என்றும் படுகர் என்றும், தோடர் என்றும் தொதவர் என்றும், குறும்பர் என்றும் குரும்பர் என்றும் நூல்கள் ஒரே சமூகத்தைக் குறிக்கின்றன. ‘தேயிலைத் தோட்டம்’ என்பதை ஒருவர் ஒற்றோடும் ஒருவர் ஒற்றில்லாமலும் மற்றொருவர் இடைவெளி விடாமலும் எழுதுகிறார். நூலகவியலில் இதற்கெனப் பெயர்க் கட்டுப்பாட்டுக் கோப்பு என்னும் ஏற்பாடு உண்டு: ஒரு வடிவத்தைத் தலைமை வடிவமாகக் கொண்டு, மற்ற எல்லா வடிவங்களையும் அதனோடு கட்டிவைத்தால், வாசகர் எந்த வடிவத்தைத் தட்டினாலும் ஒரே இடத்திற்கு வந்து சேர்வார். நீலகிரிக்கென அத்தகைய ஒரு கோப்பை உருவாக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம்; உள்ளூர்ப் பெயர்களை அறிந்த நூலகர்களும், தங்கள் பெயரைத் தாங்கள் எவ்வாறு எழுத விரும்புகிறோம் என்று சொல்லும் அந்தந்தச் சமூகத்தாரும் சேர்ந்து உட்கார வேண்டும், அவ்வளவே.

வாசகர் கேட்கும் விதமும் பட்டியல் எழுதியவர் நினைத்த விதமும் பெரும்பாலும் வேறுவேறு. படகர் வாழ்க்கையைச் சொல்லும் நாவல் வேண்டும் என்று ஒரு கல்லூரி மாணவி கேட்டால், ராஜம் கிருஷ்ணனின் ‘குறிஞ்சித்தேன்’ அவருக்கு உடனே கிடைக்க வேண்டும். ஆனால் பட்டியலில் அந்நூல் தமிழ் நாவல் என்று மட்டும் பதிவாகியிருந்தால், ஆசிரியர் பெயரோ தலைப்போ முன்பே தெரிந்தவரைத் தவிர வேறு எவருக்கும் அது கண்ணில் படாது. ‘பரதேசி’ படத்துக்கு அடிப்படையான கதை எது என்று கேட்டு வருபவரை, ஆனைமலைத் தோட்டங்களைப் பற்றி பி. எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதிய நாவலுக்கும், ‘எரியும் பனிக்காடு’ என்னும் அதன் தமிழாக்கத்துக்கும் கொண்டுசேர்ப்பது பட்டியலின் கடமைதான். அனுபவமிக்க நூலகர் இத்தகைய கேள்விகளுக்கு நினைவிலிருந்தே விடை தருவார். அவர் மாற்றலாகிப் போனபின் அந்த அறிவு நூலகத்தில் தங்க வேண்டுமானால், அது பொருள் தலைப்புகளாகப் பட்டியலில் ஏற வேண்டும்.

பட்டியல் செம்மையானாலும், அலமாரியிலேயே இல்லாத நூல்களைத் தேடி வருபவரும் உண்டு. 1964இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பிய மலையகத் தமிழர்களுக்கு வேலை தரவென்று அரசுத் தேயிலைத் தோட்டங்கள் 1968 முதல் நீலகிரியில் அமைக்கப்பட்டன. இன்றைய டான்டீ, அதாவது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம், அவற்றின் தொடர்ச்சி. அந்தக் குடும்பங்களின் முன்னோர் வாழ்ந்த தோட்டங்களைப் பற்றிய இதழ்களும் நூல்களும் இங்குள்ள அலமாரிகளில் அரிதாகவே இருக்கும். ஆனால் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை மின்வடிவில் தொகுக்க 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் இணையத் திட்டத்தில் மலையக எழுத்துகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் அவ்வாறே திறந்திருக்கிறது. ஒரு கிளை நூலகத்தின் கணினியில் இந்த வாயில்களை முன்பக்கத்திலேயே வைப்பதும், கோத்தகிரியில் பிறந்த ஒரு பேரப்பிள்ளைக்கு ஹட்டன் என்னும் இலங்கை மலையக ஊரைப் பற்றிய பக்கத்தை எடுத்துக்காட்டுவதும் புதிய நூல் வாங்குவதற்கு ஈடான பணிகளே.

மின்வடிவாக்கத்திலும் வாசகரை மறந்துவிட இடமுண்டு. ஈரப்பதம் மிகுந்த மலைக்காற்றில் பழந்தாள்களில் பூஞ்சை படிவதால் நூல்களை ஒளிப்படமாக எடுத்துக் காப்பது அவசரமான வேலை. எனினும் படமாக மட்டும் நிற்கும் பக்கத்தில் சொல்லைத் தேட இயலாது, பார்வையற்றவருக்கு அதைப் படித்துக்காட்ட என்விடிஏ போன்ற இலவசத் திரைவாசிப்பு மென்பொருளாலும் இயலாது. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தறியும் மென்பொருள் தமிழுக்கு வந்துவிட்டது. ஆனால் 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணா, றா, னை, லை ஆகியவற்றின் பழைய உருவங்களில் அது தடுமாறுவதால், பழைய நூல்களை மனிதக் கண் ஒருமுறை திருத்தியாக வேண்டும். தோடர் மொழி, கோத்தர் மொழி போன்றவற்றுக்கு நூலைவிட ஒலிப்பதிவே இயல்பான ஊடகம் என்பதையும், எதைப் பொதுவில் வைக்கலாம் என்பதைப் பாடியவரும் அவருடைய ஊராரும் சொல்ல வேண்டும் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பருவமழையில் மின்சாரமும் இணையமும் அறுந்துபோவது மலையில் வழக்கமான செய்தி என்பதால், பட்டியலின் ஒரு படி நூலகத்துக்குள்ளேயே ஒரு சிறு கணினியில் இருந்து, இணையமின்றியும் உள்ளூர் வைஃபை வழியாகக் கைப்பேசிக்குக் கிடைப்பது ஆடம்பரமாகாது. தமிழ் விக்கிப்பீடியாவைக்கூட இவ்வாறு முழுமையாக இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

இவற்றையெல்லாம் சோதித்தறியப் பெரிய ஆய்வுக்குழு தேவைப்படுவதில்லை. பயனர் அனுபவத் துறையின் மற்றோர் அறிஞரான யாக்கோப் நீல்சன் 2000ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில், ஐந்து பேரைக் கொண்டு சோதித்தாலே ஒரு வடிவமைப்பின் பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்று காட்டினார். பள்ளி மாணவன் ஒருவன், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பெண் ஒருவர், நாளிதழுக்காக வரும் முதியவர் ஒருவர், வேலை முடிந்து வரும் தோட்டத் தொழிலாளி ஒருவர், வீட்டில் படக மொழி பேசும் இல்லத்தரசி ஒருவர் என ஐவரை அழைத்து, இன்ன பொருளில் ஒரு நூலைக் கண்டுபிடித்துத் தாருங்கள் என்று கேட்டு, உதவிக்குப் போகாமல் பக்கத்தில் அமர்ந்து குறிப்பெடுத்தால் போதும். தமிழ் விசைப்பலகையை எப்படி மாற்றுவது என்று தெரியாமல் முதல் நிமிடத்திலேயே நிற்பவர் யார், வகைப்பாட்டு எண்ணைப் பார்த்து எந்த அலமாரிக்குப் போவது என்று விழிப்பவர் யார் என்பது ஒரு மாலையில் தெரிந்துவிடும். தெரிந்த குறையை அந்த வாரமே திருத்தும் உரிமை அந்தக் கிளை நூலகருக்கு இருக்க வேண்டும். மென்பொருளுக்கான ஒப்பந்தம் எழுதப்படும்போதே, ஓர் ஊர்ப்பெயரின் மாற்று வடிவத்தைச் சேர்க்கவும் ஒரு நாவலுக்குப் பொருள் தலைப்பு கொடுக்கவும் பந்தலூரில் இருப்பவர் சென்னைக்குக் கடிதம் எழுதிக் காத்திருக்கத் தேவையில்லை என்னும் விதி அதில் இடம்பெற வேண்டும்.