புரோலாக்டின் சுரப்பில் பாலியல் ஹார்மோன்களின் பங்கு: கருவுற்ற காலத்தை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

கருவுற்ற காலத்தில் புரோலாக்டின் பன்மடங்கு உயர்கின்றது; எனினும் தாய்ப்பால் மகப்பேற்றுக்குப் பின்னரே பெருகுகின்றது. பாலியல் ஹார்மோன்கள் பிட்யூட்டரியில் புரோலாக்டினைப் பெருக்கி, மார்பகத்தில் அதன் செயலைத் தடுப்பதே இம்முரணுக்குக் காரணம் என்பதை இக்கட்டுரை விளக்குகின்றது.

திறவுச்சொற்கள்: புரோலாக்டின், ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், டோபமைன், பிட்யூட்டரி, பாலூட்டல்

முன்னுரை

புரோலாக்டின் என்பது பிட்யூட்டரி சுரப்பியின் முன்கதுப்பிலுள்ள லாக்டோட்ரோப் செல்களில் உருவாகும் புரத ஹார்மோன் ஆகும். மனிதரில் இது 199 அமினோ அமிலங்களால் ஆனது. பிட்யூட்டரிச் சாறு முயல்களில் பால் சுரக்கச் செய்வதை ஸ்ட்ரிக்கர், குரூட்டர் ஆகிய இருவரும் 1928-இல் கண்டறிந்தனர். மனிதப் புரோலாக்டின் வளர்ச்சி ஹார்மோனிலிருந்து வேறானது என்பது 1970-களின் தொடக்கத்தில்தான் உறுதிப்பட்டது.

டோபமைனின் தடை

முன்கதுப்பின் ஏனைய ஹார்மோன்கள் பெரும்பாலும் ஹைபோதலாமஸின் தூண்டுதலால் வெளிப்படுகின்றன. புரோலாக்டினோ தடை தளரும்போது வெளிப்படுகின்றது. ஹைபோதலாமஸ் நரம்புச் செல்கள் விடுவிக்கும் டோபமைன், போர்ட்டல் இரத்தக்குழாய்கள் வழியே லாக்டோட்ரோப் செல்களை அடைந்து, டி2 ஏற்பிகளுடன் பிணைந்து சுரப்பை இடைவிடாது அடக்குகின்றது. பிட்யூட்டரித் தண்டு சிதைவுற்றால் பிற ஹார்மோன்கள் குறைய, புரோலாக்டின் மட்டும் உயர்வது இதற்குச் சான்றாகும்.

ஈஸ்ட்ரோஜனின் மூவகைச் செயல்

ஈஸ்ட்ரோஜன் மூன்று நிலைகளில் செயற்படுகின்றது. முதலாவதாக, லாக்டோட்ரோப் செல்லிலுள்ள தன் ஏற்பியுடன் பிணைந்து புரோலாக்டின் மரபணுவின் படியெடுத்தலை மிகுவிக்கின்றது. இரண்டாவதாக, அச்செல்களின் எண்ணிக்கையையும் பருமனையும் பெருக்குகின்றது. மூன்றாவதாக, டோபமைனின் தடைக்கு அச்செல்கள் இணங்கும் தன்மையைக் குறைக்கின்றது.

பெண் எலிகளில் கருமுட்டை வெளியேறுவதற்கு முந்தைய பிற்பகலில் எழும் புரோலாக்டின் எழுச்சி, சூலகங்களை நீக்கினால் மறைகின்றது. ஈஸ்ட்ரடையோல் அளித்தால் மீள்கின்றது. மகளிரின் மாதவிடாய்ச் சுழற்சியில் இத்தகைய கூர்மையான எழுச்சி காணப்படுவதில்லை. எனவே எலி ஆய்வுகளின் முடிவுகளை மனிதருக்கு அப்படியே பொருத்துதல் இயலாது.

கருவுற்ற காலத்து முரண்

கருவுறாத மகளிரின் குருதியில் புரோலாக்டின் பொதுவாக மில்லிலிட்டருக்கு 25 நானோகிராமுக்குக் குறைவாக இருக்கும். கருவுற்ற காலத்தின் இறுதியில் அது ஏறத்தாழ 200 நானோகிராம் வரை உயர்கின்றது. இவ்வுயர்வுக்கு நஞ்சு சுரக்கும் ஈஸ்ட்ரோஜனே முதன்மைக் காரணம். ஆயினும் அதே நஞ்சு சுரக்கும் புரோஜெஸ்டிரோன், மார்பகச் செல்களில் புரோலாக்டினின் பால் சுரப்புச் செயலைத் தடுக்கின்றது. மிகுந்த அளவிலான ஈஸ்ட்ரோஜனும் அத்தடைக்குத் துணைபுரிகின்றது.

நஞ்சு வெளியேறியதும் இவ்விரு ஹார்மோன்களும் விரைந்து வீழ்கின்றன. தடை நீங்கவே, முதலில் சிறிதளவே ஊறிய சீம்பாலைத் தொடர்ந்து இரண்டு முதல் நான்கு நாள்களில் பால் பெருகுகின்றது. நஞ்சின் துணுக்குகள் கருப்பையில் தங்கிவிட்டால் பால் பெருகுவது தாமதமாகலாம். பாலூட்டும் தாய்மாருக்கு மகப்பேற்றை அடுத்த முதல் ஆறு வாரங்களில் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரைகள் தவிர்க்கப்படுவதற்கான காரணங்களுள் பால் குறையக்கூடும் என்பதும் ஒன்று.

பிட்யூட்டரிப் பெருக்கமும் இடரும்

ஈஸ்ட்ரோஜனால் லாக்டோட்ரோப் செல்கள் பெருகுவதால் கருவுற்ற காலத்தில் பிட்யூட்டரி பருக்கின்றது. முன்கதுப்புக்குக் குருதி பெரும்பாலும் அழுத்தம் குறைந்த போர்ட்டல் குழாய்கள் வழியே வருகின்றது. ஆதலின் பேறுகாலக் கடும் இரத்தப்போக்கினால் இரத்த அழுத்தம் வீழும்போது, பருத்த சுரப்பியின் செல்கள் மடிய நேரிடுகின்றது. 1937-இல் ஷீஹன் விளக்கிய இந்நோய்க்குறித்தொகுதியின் தொடக்க அறிகுறிகளுள் ஒன்று தாய்க்குப் பால் சுரவாமை. அதனைத் தாயின் குறையாகக் கருதிப் புறக்கணித்தால், கார்ட்டிசால் குறைபாடு போன்ற உயிரிடர் கண்டறியப்படாமற் போகலாம்.

முடிவுரை

பால் சுரப்புக்குப் புரோலாக்டினின் உயர்வும் புரோஜெஸ்டிரோனின் வீழ்ச்சியும் ஒருங்கே தேவைப்படுகின்றன. ஆகவே குருதியிலுள்ள புரோலாக்டின் அளவைத் தனித்துப் பொருள்கொள்ளுதல் தகாது. கருவுற்ற நிலை, பாலூட்டல், ஈஸ்ட்ரோஜன் மருந்துகள், டோபமைனைத் தடுக்கும் மனநோய் மருந்துகள் ஆகியவற்றோடு இணைத்து நோக்கும்போதே அவ்வெண் உரிய பொருளைப் பெறுகின்றது.